எண்ணெய்ப் புட்டியில் நான்கு கோடுகள்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அச்சாகி வருகிறது. மற்றபடி அதை யாரும் தொடுவதில்லை. அலுவலகத்திலும் தெருவிலும் அவர் ‘மீட்டர்’. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடிய அளவைக் குறித்து வரும் வேலை. இருபத்திரண்டு வருடமாக மாடிப்படிகளுக்கு அடியிலும் கழிவறைச் சுவர்களுக்குப் பின்னாலும் குனிந்து நிமிர்ந்து, ஊரார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். அப்படி எழுதி எழுதியே செலவு என்ற சொல்லின் மேல் அவருக்கு ஒரு தனிப்பட்ட பகை வந்துவிட்டது. அந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த இடம் அவருடைய வீடு.

அத்தான் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகச் சொல்ல எனக்கு மனம் வராமல் போகலாம். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், அக்கா மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. காசு செலவாகும் கெட்ட பழக்கம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது. காசு செலவாகும் நல்ல பழக்கமும் கிடையாது என்பதுதான் எங்களுக்கிருந்த சின்னச் சங்கடம்.

ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைத் தாள் ஏறும். மேலே ‘இந்த ஆண்டு இலக்கு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே தொகை, அதற்கும் கீழே பன்னிரண்டு கட்டங்கள். மாதக் கடைசியில் ஒரு கட்டத்துக்குச் சிவப்பு மையில் ஒரு டிக். ஒரு வருடம் மோட்டார் சைக்கிளுக்காகச் சேர்த்தார். இன்னொரு வருடம் வீட்டு முன்பணத்துக்கு. அப்புறம் தொடர்ந்து மூன்று வருடம் ‘அவசர நிதி’ என்ற ஒன்றுக்கு.

இந்த அவசர நிதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வங்கியில் போட்டு, ரசீதை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் பழைய போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தார். அவசரத்துக்கு எடுக்க அவ்வளவு வசதியான இடம். கூரை ஒழுகியபோது அக்கா அந்தப் பேச்சை எடுத்தாள். அது அவசரம் இல்லை, மழை நின்றுவிடும் என்றார். மகளுக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. அதுவும் அவசரம் இல்லை, இறங்கிவிடும் என்றார். மழையும் நின்றது, காய்ச்சலும் இறங்கியது. இரண்டு முறையும் அவர் சொன்னதே நடந்துவிட்டதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை, நீளம் குறைக்க வேண்டிய பேண்ட், அகலம் கூட்ட வேண்டிய சட்டை எல்லாம் அவளிடம் வரும். பதினைந்து வருடம் தைத்ததில் வலது மணிக்கட்டு கெட்டுப்போனது. காலையில் எழுந்தால் கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துக் கிடக்கும். உதறி உதறித்தான் அவற்றை எழுப்புவாள். டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பு நசுங்குகிறது, ஈரத் துணி பிழியவே கூடாது, தையலையும் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார். அந்த வீட்டில் மூன்று பேர் துணியையும் அக்காதான் கையால் துவைத்துப் பிழிந்தாள். அதில் அத்தானின் காக்கிச் சீருடை மட்டும் ஈரத்தில் நாலு பேர் கனம் இருக்கும்.

இரண்டு வருடம் பொறுத்துவிட்டு, ஒரு டிசம்பர் கடைசியில் அவரிடம் வாய் திறந்தாள். "ஒரு வாஷிங் மெஷின் வாங்கலாமாங்க?"

அத்தான் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் ஃபிரிட்ஜில் தாள் ஏறியிருந்தது. இந்த ஆண்டு இலக்கு, முப்பத்தாறாயிரம். அடைப்புக்குறிக்குள் ‘வாஷிங் மெஷின்’. மாதம் மூவாயிரம் வீதம் பன்னிரண்டு மாதம்.

நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். மூன்று தெரு தள்ளி இருக்கிறேன், மருந்துக் கடையில் பில் போடும் வேலை, லீவு என்றால் அக்கா வீடுதான். வாய் சும்மா இருக்காமல், "தவணையில இப்பவே வாங்கிடலாமே அத்தான்" என்று கேட்டேன்.

"வட்டி கட்ட நான் என்ன பைத்தியமாம்மா?"

"அப்ப அந்த அவசர நிதியில இருந்து எடுக்கலாமே."

அத்தான் டாக்டர் சீட்டை எடுத்து வந்து விரலை வைத்துக் காட்டினார். "என்ன எழுதியிருக்காரு பாரு. ஓய்வு தேவை. ஓய்வுக்குக் காசா பணமா?" பிறகு அக்கா பக்கம் திரும்பி உண்மையான அக்கறையோடு சொன்னார். "நீ தையல விட்டுடு. உன் கைதான் முக்கியம். ஒரு வருஷம் பல்லக் கடிச்சிட்டா போதும்."

யார் பல்லை யார் கடிப்பது என்று அவர் சொல்லவில்லை. அக்காவுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் வெளியே போனதும் அந்தத் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம், "பாத்தியா, இந்த வருஷ இலக்கே என் கைக்குத்தான்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் தப்பு அது இல்லை, ஆனால் இந்தக் கதையில் அதுதான் முதல்.

மாதம் மூவாயிரம் எங்கிருந்து வரும்? வீட்டுச் செலவிலிருந்து. அதுவரை அக்கா கையில் மாதம் பன்னிரண்டாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒன்பதாயிரமாக ஆக்கினார். ஆக்கியதோடு நிற்கவில்லை. தன் தொழிலை வீட்டுக்குள் கொண்டுவந்தார். எண்ணெய்ப் புட்டியில் அழியாத மையால் நான்கு கோடுகள் போட்டார், வாரத்துக்கு ஒன்று. சர்க்கரை டப்பாவின் உள்ளே ஒரு காகிதப் பட்டை ஒட்டி அதிலும் நான்கு கோடுகள். குளிக்கிற சோப்பை நூலால் மூன்றாக அறுத்து ஒவ்வொரு துண்டிலும் தேதி குத்தினார். பற்பசைக் குழாயின் வாலைச் சுருட்டி கிளிப் மாட்டினார், அந்தக் கிளிப்பை நகர்த்தும் அதிகாரம் அவருக்கு மட்டும். ஃபிரிட்ஜுக்குக் காலை பத்து மணியிலிருந்து பகல் இரண்டு மணிவரை ஓய்வு கொடுத்தார். ஓய்வு தேவை என்று டாக்டர் எழுதியது ஃபிரிட்ஜுக்காவது பலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவெடுப்பு. முந்தைய அளவு, இப்போதைய அளவு, வித்தியாசம். வேலைக்குப் போகும்போது எடுத்துப் போகும் அதே அட்டை, அதே பேனா. வித்தியாசம் கூடிப்போனால் விசாரணை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் புத்திசாலி. மூன்றே வாரத்தில் தலைக்கு எண்ணெய் வைப்பது, ஃபோனுக்கு சார்ஜ் போடுவது இரண்டையும் பக்கத்து வீட்டுத் தோழியிடம் மாற்றிக்கொண்டாள்.

ஜனவரி மூன்றாவது வாரம் எண்ணெய் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. ஒன்பதாயிரத்துக்குள் வீடு நடத்தினால் இறங்கத்தான் செய்யும். அத்தான் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்தவில்லை, அவர் கத்துகிறவர் இல்லை. "இலக்கு உனக்காகத்தான் வெச்சது. உனக்கே அக்கறை இல்லன்னா நான் என்ன பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்டார். அந்த வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் எனக்கு ஃபோன். "வரும்போது ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிட்டு வாடி. காசு நான் தரேன். அவருக்குத் தெரிய வேணாம்."

"காசு ஏது உனக்கு?"

"ரெண்டு ஜன்னல் திரைச்சீலை தெச்சேன். வந்த வேலையை எப்படித் திருப்பி அனுப்புறது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. எண்ணெயை எங்கள் கடையின் மருந்துப் பையில் போட்டு எடுத்துப் போனேன். மருந்துப் பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, என்ன வியாதியோ என்ற மரியாதை. அதே பையில் மணிக்கட்டுக்குத் தடவும் களிம்பும் இருந்தது. அதனால் பொய் சொன்ன பாவம்கூட முழுசாக எனக்குச் சேராது. அக்கா எண்ணெயைப் புட்டியில் கோடுவரை ஊற்றினாள். அடுத்த மாதம் சர்க்கரை, அதற்கடுத்த மாதம் சோப்புத் தூள். பிறகு பால்காரருக்குப் பாதிப் பணம், காய்கறிக்கு, மகளின் நோட்டுப் புத்தகத்துக்கு. அத்தான் ஒன்பதாயிரம் கொடுத்தார், வீடு பழையபடி பன்னிரண்டாயிரம் தின்றது, நடுவில் விழுந்த பள்ளத்தை அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து நிரப்பினாள்.

"அந்தக் காசச் சேத்து வெச்சா நீயே மெஷின் வாங்கிடலாமே" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வாங்கிட்டு? தையல விட்டுடுன்னு சொன்ன மனுஷன் ஏது காசுன்னு கேட்டா என்ன சொல்றது? அதுவும் இல்லாம, அவரு சேத்து வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காரு. அவரே வாங்கித் தரட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "கல்யாணம் ஆன நாளா எனக்குன்னு அவரு இலக்கு வெச்சது இதுதான்" என்றாள்.

ஈரத் துணி பிழிந்து கெட்டுப்போன கையைக் காப்பாற்ற ஒரு மெஷின் வரப்போகிறது. அந்த மெஷினுக்காக அந்தக் கை முன்னைவிட இரண்டு மடங்கு தைக்கிறது, வழக்கம்போலத் துணியும் பிழிகிறது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அடித்துக்கொள்ளாமல் எண்ணெய் வாங்கிப் போனேன்.

அத்தானுக்கோ அது பொற்காலம். மாதத்துக்கு ஒரு டிக், கட்டம் தவறாமல். ஏப்ரலில் ஒரு வேடிக்கை நடந்தது. அக்கா வெளிச்சம் போதாமல் கைதவறிக் கூடுதலாக ஊற்றிவிட்டாள். ஞாயிறு அளவெடுப்பில், போன வாரத்தைவிட எண்ணெய் அரை விரல் மேலே ஏறி நிற்கிறது. மீட்டர் பின்னோக்கி ஓடியிருந்தால் அந்த வீட்டில் திருட்டு நடக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதில் அத்தான் எமகாதகர். எத்தனையோ பேருக்கு அபராதம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டு எண்ணெயைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "வெயில் காலம் இல்லையா, எண்ணெய் விரிஞ்சு குடுத்திருக்கு" என்றார். அக்கா அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாளாம்.

அலுவலகத்தில் அவரைச் சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். புட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். தேநீர் இடைவேளையில் முப்பது பேருக்கு முன்னால், ஒழுக்கம் இருந்தால் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை என்று நாற்பது நிமிடம் பேசினார். கைதட்டினார்களாம். நான்கு பேர் புட்டியை ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்களாம். எனக்கும் கட்டம் போட்ட ஒரு நோட்டைப் பரிசாகக் கொடுத்து, "உனக்கும் ஒரு இலக்கு வேணும்மா. உங்க அக்காவப் பாத்துக் கத்துக்கோ" என்றார். அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், அதில் குறை ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் கோடு போட்டு நிரப்பிவிட்டோம். ஒன்றே ஒன்றை மட்டும் நிரப்ப வழி தெரியவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த மின்சார மீட்டர். எண்ணெயை ஊற்றி ஏற்றலாம், ஓடிப்போன யூனிட்டை எதை ஊற்றி இறக்குவது? தையல் மெஷின் மோட்டார் கொஞ்சம்தான் இழுக்கும். ஆனால் தைத்த துணியை இஸ்திரி போடாமல் கொடுக்க முடியாது, இஸ்திரிப் பெட்டி கன்னாபின்னாவென்று இழுக்கும். மாதம் நாற்பது யூனிட் அதிகம். அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. அடுத்தவன் வீட்டில் நாற்பது யூனிட் கூடினால் அது அவருக்கு வேலை. தன் வீட்டில் கூடினால் அது அவமானம்.

அக்காவை அவர் சந்தேகப்படவே இல்லை. அவள்தான் தையலை விட்டுவிட்டாளே. யாரோ வயர் போட்டுக் கரண்ட் திருடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். யாரோ என்றால் கீழ் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வேறு ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் வேலைக்கு நடுவிலேயே திரும்பி வந்து அவர் கதவைத் தட்டியிருக்கிறார். நடந்ததை டிரைவர்தான் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

"புதுசா ஏதாவது மோட்டார் மாட்டியிருக்கீங்களா சார்?"

"என் வீட்டுல ஓடறது ஒரே ஒரு ஃபேன். அதுவும் நான் கையால தள்ளிவிட்டாத்தான் ஓடும்."

"இல்ல, உங்க வயரு எங்க வயரோட எங்கயாவது..."

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டினேன் தம்பி. ஒரு சொட்டு டீசல் திருடினதில்ல. உங்க கரண்ட வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

அத்தான் நேராகப் போய் மாடிப்படிக்கு அடியில் குந்தினார். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட் ஓடுவதற்குள் மூவாயிரத்து இருநூறு தடவை மினுக்கும். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணினால் வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் சட்டென்று ஐந்து. மறுபடியும் ஐம்பத்தெட்டு. ஃபிரிட்ஜ் ஓய்வில் இருக்கும் நேரம், அது கணக்கில் வராது.

"இது இஸ்திரிப் பெட்டி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். "சூடேறினா நிக்குது, ஆறினா ஓடுது. கூடவே விடாம ஒரு சின்ன மோட்டார்." டிரைவர் கதவில் சாய்ந்து நின்றபடி, "கேக்க மறந்துட்டேன், உங்க வீட்டம்மா தையல் மெஷின் மோட்டாரா, காலால மிதிக்கறதா?" என்று கேட்டிருக்கிறார். அத்தான் எழுந்து படியேறி வந்தார்.

இஸ்திரிப் பெட்டி என் கையில்தான் இருந்தது. அன்றைக்கு எனக்கு லீவு. அக்காவால் பெட்டியைத் தூக்க முடியாமல் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அறை முழுக்கச் சீருடைப் பாவாடைகள், மொத்தம் நாற்பது. அக்கா வலது மணிக்கட்டில் பட்டைத் துணி சுற்றிக்கொண்டு, இடது கையால் துணியைத் தள்ளித் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள். தரையில் மருந்துப் பை, அதன் வாய் வழியாக எண்ணெய்ப் பாக்கெட் எட்டிப் பார்த்தது.

அத்தான் வாசலில் நின்றார். மனைவியின் கையைப் பார்க்கவில்லை, பாவாடைக் குவியலைப் பார்க்கவில்லை. "ரெண்டும் ஒரே நேரத்துலயா ஓடுது?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வேறு எங்காவது வைக்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை வந்தது உண்மை. அக்கா பதறவில்லை. "இந்த ஒரு தையல முடிச்சிடறேங்க" என்று நூலை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தாள். அது அவள் விரலில் நிற்கவில்லை. கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை அத்தான் வந்து எடுத்தார். எடுத்துக் கையில் கொடுக்கப் போனவர், அவள் விரல்கள் மூட முடியாமல் விரிந்தே நிற்பதை அப்போதுதான் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் மூலைமுடுக்கெல்லாம் குனிந்து அளவு பார்த்த மனிதர்.

நாற்காலியில் உட்கார்ந்து எண்ணெய்ப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டார். "மாசம் எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து அறுநூறு ஆகும். சில மாசம் முன்ன பின்ன."

"எப்பலேருந்து?"

"ஜனவரி மூணாவது வாரத்துலேருந்து."

அட்டையும் பேனாவும் இல்லாமலே கணக்குப் போட்டார். முகத்தில் தெரிந்தது. மூவாயிரத்தில் இரண்டாயிரத்து அறுநூறு போனால் நானூறு. நாற்பது யூனிட் கூடுதல் கரண்டுக்கு முந்நூறு போனால் நூறு. பத்து மாதக் கோடு, கிளிப், நூல், விசாரணை, நாற்பது நிமிடப் பேச்சு எல்லாம் சேர்த்து மனிதர் மாதம் நூறு மிச்சம் பிடித்திருக்கிறார். களிம்பு வாங்கிய கணக்கும் என்னிடம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் இரக்கம் உண்டு.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா தாள கிழிச்சிடுவீங்க."

டாக்டர் இந்த முறை ஓய்வு என்று எழுதவில்லை. உடனே கத்தி வைக்க வேண்டும் என்று எழுதினார். முப்பத்தோராயிரம். பத்து டிக்கில் சேர்ந்திருந்தது முப்பதாயிரம். ஆயிரம் குறைந்தது. போர்வைகளை இறக்கி, டப்பாவைத் திறந்து, உறையைப் பிரித்து ரசீதை எடுக்க வேண்டுமோ என்று அத்தான் அலமாரி முன்னால் நின்றதை நான் பார்த்தேன். அந்த ஆயிரத்தை அலுவலகத்தில் முன்பணமாக வாங்கிவிட்டார். அவசர நிதி தப்பித்தது.

அக்காவின் கையில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மூன்று மாதம் அந்தக் கையால் துணி பிழியவோ கனம் தூக்கவோ கூடாது. ஆக, துணி துவைக்க வேண்டியவர் அத்தான். மறுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு உட்காருவார். சோப்புத் தூளைக் கரண்டியில் தலைதட்டிப் போடுவார். காக்கிச் சீருடையைப் பிழியும்போது நாக்கு ஒரு பக்கம் வெளியே வரும். அக்கா கதவோரம் நின்று பார்ப்பாள். "பாவமா இருக்குடி" என்று என்னிடம் சொன்னாள். எனக்குப் பாவமாக இல்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க வேண்டிய காட்சியாக இருந்தது.

இருபத்து மூன்றாவது நாள் அத்தான் என் கடைக்கு வந்தார். கூட்டம் கலையும்வரை இருமல் மருந்து அலமாரியைப் படித்துக்கொண்டு நின்றார். பிறகு கல்லாவுக்கு நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அக்காவுக்கு வாங்குவியே, ஒரு களிம்பு. அதுல ஒண்ணு குடும்மா."

"அக்காவுக்கு இப்ப அது வேணாமே அத்தான்."

"எனக்குத்தான். மணிக்கட்டு காலையில எழுந்தா மரத்துப்போகுது. வலி உயிர் போகுது." உதறிக் காட்டினார். "வீட்டுல சொல்ல வேணாம். இதுல ஏதாவது குறைச்சுக்க முடியுமா?"

பத்து சதவீதம் குறைத்து பில் போட்டேன். எண்ணெய் கடத்திய அதே மாதிரிப் பையில் போட்டுக் கொடுத்தேன். யாரும் எட்டிப் பார்க்காத பை.

சரியாக எட்டாவது நாள், டிசம்பர் நடுவில், இரண்டு ஆட்கள் படியில் மூச்சுவாங்க வாஷிங் மெஷினை ஏற்றிக் கொண்டுவந்தார்கள். முப்பத்தாறாயிரம், ஒரே தடவையில், அவசர நிதியிலிருந்து. கூரை ஒழுகியபோது வராத அவசரம், மகளுக்குக் காய்ச்சல் அடித்தபோது வராத அவசரம், அக்காவின் மூன்று விரல் மூன்று வருடம் மரத்துக் கிடந்தபோது வராத அவசரம் அன்றைக்கு வந்து சேர்ந்தது. அத்தான் ஃபிரிட்ஜ் முன்னால் போய் மிச்சமிருந்த இரண்டு கட்டத்திலும் சிவப்பு டிக் போட்டார். இலக்கு நிறைவேறிவிட்டது.

நான் போனபோது மெஷின் முதல் தடவையாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் வீட்டில் இல்லை. மாடிப்படிக்கு அடியில் குந்தி, அது நிமிடத்துக்கு எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா மெஷினுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்குள்ளே சீருடை சுற்றுவதைச் சினிமா பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் தழும்பு இருந்த கையை, விரல்களை மடக்கி, மெஷினின் மேல் வைத்திருந்தாள்.

"பாத்தியாடி" என்றாள். "போர்வைக்கு அடியில இருந்ததையே எடுத்துட்டாரு. எனக்காக."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இருந்தது, ஆனால் அது முழுசாக இல்லை. ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கலாம். களிம்பு வாசனை அந்த வீட்டில் எல்லோருக்கும் பழகின வாசனைதான். எனக்கு நாக்கு நுனியில் அத்தான் களிம்பு வாங்கிய அந்த பில் வந்து நின்றது, தேதியோடு, பத்து சதவீதக் கழிவோடு. ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

"ஆமாக்கா" என்றேன். "உனக்காகத்தான்."

கோட்டுக்குக் கீழே குறைந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றி வைப்பது எனக்கு அந்த வருடம் முழுக்கப் பழகிப்போன வேலை.